கடனை அடைத்தால் நோய் தீருமா?

வணிகர்களாகிய நம்மிடையே வெகுகாலமாக ஒரு நல்ல வழக்கம் இருந்து வருகிறது. உடன் கடை நடத்தும் ஒருவர் நொடித்துப் போனால், நாலு பேர் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு தொகை போட்டு அவரைத் தூக்கி நிறுத்துவோம். தீ விபத்தில் சரக்கு எரிந்தவர், மருத்துவச் செலவில் முதலை இழந்தவர், நம்பிக் கொடுத்த மொத்தப் பாக்கி வராமல் தத்தளித்தவர் என்று இந்த வழக்கத்தால் மீண்டும் கடை திறந்தவர்கள் பலர். இதை நாம் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் நொடித்ததற்குக் காரணம் சூதாட்டமாக இருந்தால் என்ன செய்வது? மூன்று நம்பர் லாட்டரியிலோ, கைபேசி ரம்மியிலோ, கிரிக்கெட் பந்தயத்திலோ கடை முதலை விட்டவருக்கும் இதே போல வசூல் செய்து கடனை அடைத்துவிடலாமா? "ஒரு முறை கை கொடுப்போம், புத்தி வந்துவிடும்" என்பார்கள் ஒரு சாரார். "கொழுப்பெடுத்து ஆடியவன் பட்டுத் தெளியட்டும்" என்பார்கள் மற்றொரு சாரார். இந்த இரண்டுமே தவறு என்பது நமது கருத்து. சூதாட்ட நோயை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தும், அதற்குச் சிகிச்சை அளித்தும் வரும் அனுபவசாலிகள் சொல்லும் பாடத்திலிருந்தே இந்த முடிவுக்கு வந்திருக்கிறோம். அந்தப் பாடத்தை நம் தொழிலுக்கும் நம் ஊருக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பக்கத்தில் நடந்த கொடுமை

2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், டிசம்பர் மாதத்தில், அதுவரை நமக்குத் தலைநகராக இருந்த விழுப்புரத்தில் ஒரு குடும்பமே மாண்டது. நகைத் தொழில் செய்து வந்தவர், அவர் மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என ஐந்து உயிர்கள். மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் மூழ்கியதே காரணம் என்று அவரே கடைசியாகக் கைபேசியில் பதிவு செய்துவிட்டுப் போனார். தமிழ்நாடே அதிர்ந்தது. சில நாட்கள் லாட்டரி விற்றவர்களைப் போலீசார் பிடித்தார்கள். பிறகு செய்தி பழையதாகிவிட்டது.

தமிழ்நாட்டில் 1968-ல் அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. பிறகு வெளிமாநிலச் சீட்டுகளும் வந்து குவிந்தன. பெட்டிக் கடைகளில் பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கிய சீட்டுகள் நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கூலியை வாங்கிய கையோடு வீட்டுக்கு அரிசி வாங்காமல் சீட்டு வாங்கிப் போனவர்கள் அநேகம். 2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. அது நல்ல முடிவு. ஆனால் தடைக்குப் பிறகும் வியாபாரம் வேறு உருவில் தொடர்ந்தது. கேரள லாட்டரியின் முடிவில் வரும் கடைசி எண்களை வைத்துத் துண்டுக் காகிதத்திலும், பிற்பாடு கைபேசிச் செய்தியிலும் நடப்பதுதான் இந்த மூன்று நம்பர் ஆட்டம். விழுப்புரத்துக் குடும்பம் மாண்டது லாட்டரி தடை செய்யப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழித்து என்பதை நாம் மறக்கக் கூடாது. சட்டம் கடையை மூடும். ஆடுகிறவன் மனதில் திறந்து கிடக்கும் கடையை மூட வேறு ஆள் வேண்டும்.

இதை நோய் என்று முதலில் சொன்னவர்கள்

சூதாடுகிறவனை ஒழுக்கம் கெட்டவன் என்று உலகம் வெகுகாலம் ஒதுக்கி வைத்தது. 1957-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சூதாட்டத்தால் கெட்டு அதிலிருந்து மீள விரும்பியவர்கள் சிலர் தாங்களாகவே கூடி ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதன் பெயர் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ். குடிநோயாளிகள் கூடிப் பேசி மீளும் முறையைப் பின்பற்றியது அது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1972-ல், ராபர்ட் கஸ்டர் என்ற மனநல மருத்துவர் ஒஹையோ மாநிலத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் சூதாட்ட நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் முதல் பிரிவைத் தொடங்கினார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் மது, போதைப் பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இன்று இது உண்டு.

தன்னிடம் வந்தவர்களைக் கவனித்த கஸ்டர், அவர்கள் பெரும்பாலும் மூன்று கட்டங்களைக் கடந்து வருவதைக் கண்டார். முதலில் ஜெயிக்கும் கட்டம். அடுத்து தோற்கும் கட்டம். கடைசியில் எதையும் செய்யத் துணியும் கட்டம். முதல் கட்டம்தான் மிக ஆபத்தானது. தொடக்கத்தில் கையில் வந்த பணம், "நமக்கு இது வரும்" என்ற நினைப்பை விதைத்துவிடுகிறது. ஹென்றி லெசியர் என்ற சமூகவியல் ஆய்வாளர், விட்ட பணத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதே இந்த நோயின் உயிர்நாடி என்று 1977-ல் ஒரு நூலே எழுதினார்.

இதில் நமக்கு வியப்பு ஏதும் இல்லை. திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் சூது. சூதில் கிடைக்கும் வெற்றி மீனுக்கு வைத்த தூண்டில் இரை போன்றது என்றும், இழக்க இழக்கத்தான் அதன் மேல் ஆசை பெருகும் என்றும் வள்ளுவர் அதில் உணர்த்தியிருக்கிறார். கஸ்டர் சொன்ன முதல் கட்டமும் லெசியர் சொன்ன துரத்தலும் இவைதானே? வள்ளுவர் நோயை உணர்த்தினார். மருத்துவர்கள் அதற்கு மருந்து தேடியிருக்கிறார்கள்.

கணக்குத் தெரிந்தவனும் தப்புவதில்லை

"நான் வியாபாரி, லாப நஷ்டம் தெரிந்தவன், என்னை இது என்ன செய்யும்?" என்று எண்ணுபவர்கள் நம்மில் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நம்பர் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஓர் எண்ணுக்கு 50 ரூபாய் என்றும், விழுந்தால் 25,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினால் முதலீடு 50,000 ரூபாய். வரவு 25,000 ரூபாய். பாதிக்குப் பாதி நஷ்டம் உறுதி. இப்படி ஒரு சரக்கை எந்த மளிகைக் கடைக்காரராவது கொள்முதல் செய்வாரா?

இந்தக் கணக்கு ஆடுகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஆடுகிறார்? கனடாவின் கியூபெக் மாநிலத்து உளவியல் பேராசிரியர் ராபர்ட் லதூசர் இதைத்தான் பல்லாண்டு ஆராய்ந்தார். ஆட்டத்தில் இறங்கியவர் மனதில் கணக்கு மாறிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. "இந்த எண் பத்து நாளாக விழவில்லை, இன்று விழுந்தே தீரும்" என்று தோன்றுகிறது. எண்ணுக்கு ஏது ஞாபகம்? ஒவ்வொரு குலுக்கலும் புதுக் குலுக்கல். நேற்று விழாததால் இன்றைக்கு அதற்கு எந்த உரிமையும் கூடிவிடாது. அதே போல, 456 வாங்கியவனுக்கு 457 விழுந்தால் "மயிரிழையில் தவறிவிட்டது" என்று மனம் துடிக்கிறது. உண்மையில் அது 999 விழுந்ததற்குச் சமமான தோல்விதான். இப்படி நூலிழையில் தவறும்போது, ஜெயிக்கும்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளே தூண்டப்படுகின்றன என்றும், மேலும் ஆடும் ஆசை கூடுகிறது என்றும் இங்கிலாந்தில் லூக் கிளார்க் என்ற ஆய்வாளர் தம் குழுவினருடன் 2009-ல் காட்டினார்.

வியாபாரத்தில் துணிச்சல் வேண்டும் என்பது வேறு. விலை ஏறும் என்று மிளகாயையோ புளியையோ பிடித்து வைக்கிறோம். விலை இறங்கினாலும் சரக்கு கையில் இருக்கும். அடுத்த பருவத்துக்கு அனுபவம் உதவும். சூதில் தோற்றால் காகிதம் கூட மிஞ்சாது. பத்து வருட அனுபவமும் அடுத்த குலுக்கலுக்கு உதவாது. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பங்குச் சந்தையின் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வியாபாரம் சட்டப்படி சூதாட்டம் அல்ல. ஆனாலும் அதில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நஷ்டம் அடைந்தார்கள் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. கடையில் நின்றுகொண்டே கைபேசியில் இதை நடத்தும் இளைஞர்கள் இந்த எண்ணை மனதில் கொள்வது நல்லது.

இரண்டே கேள்விகள்

சாராயத்துக்கு வாடை உண்டு. நடை தள்ளாடும். சூதாட்டத்துக்கு வாடையும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. அதனால் இதை மறைந்திருக்கும் நோய் என்பார்கள் நிபுணர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நாடே நம் ஊரைத் திரும்பிப் பார்த்தது. சூதாட்டம் ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு கடையாக, சத்தமில்லாமல் அரிக்கிறது. ஒரே நாளில் கொத்தாகச் சாகாததால் கணக்கில் வருவதில்லை.

மறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் இரண்டே கேள்விகள் கொண்ட எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். மேலும் மேலும் அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? இந்த இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மேற்கொண்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்பதே அதன் சாரம். இந்தக் கேள்விகளை வேறு யாரிடமும் கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். கடையை மூடிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்க்கலாம்.

வெளிப்படும் அடையாளங்களை மற்ற எவரையும் விட வியாபாரிகளே முதலில் பார்க்கிறோம். தவணை தவறாதவர் திடீரென்று பில்லுக்குப் பணம் தராமல் இழுக்கிறார். கல்லாவில் கணக்கு இடிக்கிறது. வாங்கிய சரக்கை அடக்க விலைக்கும் குறைவாக வேறு கடையில் தள்ளிப் பணமாக்குகிறார். ஒரே வாரத்தில் மூன்று பேரிடம் கைமாற்று வாங்கி, மூன்று பேரிடமும் வேறு வேறு காரணம் சொல்கிறார். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் சூதாட்டம் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. தனியாக அழைத்து, மரியாதையாக விசாரிக்க வேண்டிய நேரம் அது.

கடன் அடைப்பில் உள்ள கண்ணி

இனி நம் கேள்விக்கு வருவோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் இன்றைய பட்டியலில் சூதாட்ட நோய்க்கு ஒன்பது அடையாளங்கள் உள்ளன. ஓராண்டுக்குள் அவற்றில் நான்காவது இருந்தால் நோய் என்று கொள்வார்கள். விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்புவது, நிறுத்த முயன்று தோற்பது, நிறுத்தினால் எரிந்து விழுவது, மறைக்கப் பொய் சொல்வது ஆகியவை அவற்றில் சில. ஒன்பதாவதாக உள்ளது என்ன தெரியுமா? சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியைத் தீர்க்கப் பிறர் கையை எதிர்பார்ப்பது!

நாம் தர்மம் என்று எண்ணிச் செய்யும் கடன் அடைப்பு, மருத்துவர்களின் ஏட்டில் நோயின் அடையாளங்களில் ஒன்றோடு பின்னிக் கிடக்கிறது. காரணம் எளிது. கடன் முழுவதையும் ஒரே நாளில் தீர்த்துவிட்டால், ஆடியவருக்கு அது இன்னொரு வெற்றி போலாகிவிடுகிறது. பாரம் இறங்கிவிட்டது, பெயரும் தப்பியது, மறுபடி கடன் கேட்க ஆளும் கிடைக்கும். துரத்தும் எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. சில மாதங்களில் முன்னைவிடப் பெரிய கடனோடு வந்து நிற்பார். அப்போது கொடுத்தவர்களுக்குக் கோபம் வரும். "நன்றி கெட்டவன்" என்பார்கள். நோயாளிக்கு மருந்து கொடுக்காமல் பணம் கொடுத்ததன் விளைவு அது.

அப்படியானால் கை விட்டுவிடலாமா? கூடவே கூடாது. விழுப்புரத்தில் நடந்தது அதற்குச் சாட்சி. சூதாட்டக் கடனில் சிக்கியவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரும் ஆபத்து அதிகம் என்பதில் நிபுணர்களிடையே இரண்டு கருத்து இல்லை. கையில் ரொக்கம் கொடுப்பதும் வேண்டாம், கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் வேண்டாம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது.

அந்த வழியைக் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் அமைப்பினர் வெகுநாளாக நடத்தி வருகிறார்கள். அனுபவமுள்ள உறுப்பினர்கள் சிலர், கடன்பட்டவரையும் அவர் மனைவியையும் சேர்த்து உட்கார வைக்கிறார்கள். ஒன்று விடாமல் எல்லாக் கடனையும் எழுதுகிறார்கள். வருமானத்தில் வீட்டுச் செலவுக்கு முதலில் ஒதுக்குகிறார்கள். மிச்சத்தைக் கடன்காரர்களுக்குச் சிறு சிறு தவணையாகப் பிரிக்கிறார்கள். எத்தனை ஆண்டு ஆனாலும் அவரே உழைத்து அடைக்க வேண்டும். பணப் பொறுப்பு சில காலம் வீட்டாரிடம் இருக்கும். நம் ஊர்களில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பாகம் பிரிப்பது போன்ற காரியம்தான் இது. நமக்குப் புதிதல்ல.

சிகிச்சை உண்டு

இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை எதுவும் இல்லை. பேச்சு வழியாக எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சையே முதன்மையானது. அமெரிக்காவில் நான்சி பெட்ரி என்ற உளவியல் பேராசிரியர் 231 சூதாட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. கூட்டங்களுக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களை விட, எட்டு அமர்வுகள் கொண்ட இந்தச் சிகிச்சையைச் சேர்த்துப் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது ஆடத் தோன்றுகிறது என்று கண்டுபிடிப்பது, அந்த நேரத்தை வேறு காரியத்தால் நிரப்புவது, ஆசை எழும்போது கடத்தி விடுவது ஆகியவற்றை அதில் கற்றுக்கொடுக்கிறார்கள். உடன் குடிப்பழக்கமோ மனச் சோர்வோ இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் செய்கிறார்கள்.

இது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டக் கல்லூரி மாணவர்களிடம் மனநல மருத்துவர் சஞ்சு ஜார்ஜும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாணவர் எப்போதாவது பணம் வைத்து ஆடியிருந்தார். அதில் லாட்டரியே முதலிடம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை, கைபேசி மற்றும் இணையப் பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்காகவே 2014-ல் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது.

தமிழக அரசும் இதே பாதையில் சென்றது. ஆன்லைன் சூதாட்டம் பற்றி ஆராய 2022 ஜூனில் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த குழுவில், போலீஸ் அதிகாரியோடும் தொழில்நுட்ப வல்லுநரோடும், சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரையும் அமர்த்தியது. அக்குழு அந்த மாத இறுதிக்குள் அறிக்கை தந்தது. அதன் பிறகு வந்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்கு அச்சட்டத்தின் தடை பொருந்தாது என்று அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்ற மாநில விதி வந்தது. பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்ற, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. வரவேற்கிறோம். ஆனால் லாட்டரித் தடைக்குப் பின் துண்டுச் சீட்டு வந்ததை மறந்துவிடாமல் இருப்போம். அரசே மனநல மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தபோது, நம் சங்கங்கள் மட்டும் கடன் நோட்டை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது சரியா?

மலையிலும் கீழேயும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பகுதிகளில் பணம் பருவம் பார்த்து வருகிறது. கரும்புப் பணம் ஒரு சமயம், மரவள்ளிக் கிழங்குப் பணம் ஒரு சமயம், நெல் பணம் ஒரு சமயம். கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்களின் நிலையும் அதுவே. மற்ற மாதங்களில் மளிகைக் கடைப் பற்று நோட்டில்தான் குடும்பம் ஓடுகிறது. விளைச்சல் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் வாரமே சூதாட்டக்காரர்களுக்கும் அறுவடை வாரம். அந்தப் பணம் கரைந்தால் முதலில் பாதிக்கப்படுவது வீட்டு அடுப்பு. அடுத்தது நம் பற்று நோட்டு. எனவே இது தர்ம காரியம் மட்டுமல்ல, நம் முதலைக் காக்கும் காரியமும் ஆகும்.

இதையெல்லாம் மனதில் கொண்டு, நம் சங்கங்களின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: சூதாட்டத்தால் கடன்பட்ட உறுப்பினருக்கு நிதி வசூலித்து ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவோம். அதற்குப் பதில் அரிசி பருப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கடை வாடகை, மருத்துவத்துக்கான பஸ் செலவு ஆகியவற்றை உரிய இடத்தில் நேராகச் செலுத்துவோம்.

இரண்டு: மூன்று பெரியவர்கள் கொண்ட ஒரு சிறு குழு, கடன்பட்டவரையும் அவர் வீட்டாரையும் வைத்துக்கொண்டு தவணை பேசி முடிக்கட்டும். சிகிச்சைக்குப் போவதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகே தவணைப் பேச்சு. கடன் கொடுத்தவர்களும் வட்டியை விட்டுக் கொடுக்க முன்வர வேண்டும். கந்து வட்டி கேட்பவரிடம் 2003-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை நினைவூட்டலாம்.

மூன்று: தமிழர் பலர் வேலைக்குச் செல்லும் சிங்கப்பூரில், 2005-ல் அமைக்கப்பட்ட சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. ஆடுகிறவரின் மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்தால், விசாரித்து, அவர் சூதாட்ட விடுதிக்குள் நுழையத் தடை விதிக்கலாம். அதே போல, "இவருக்குக் கைமாற்று தர வேண்டாம், சரக்கு மட்டும் தாருங்கள்" என்று குடும்பத்தார் குழுவிடம் கேட்டுக்கொள்ள வழி செய்வோம். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பகையை மனதில் வைத்து யாரும் யார் பெயரையும் கெடுத்துவிடக் கூடும். ஆகவே சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்து, அவர் கையொப்பம் பெற்ற பிறகே இது நடக்க வேண்டும். பெயர்ப் பலகையில் எழுதுவது, கூட்டத்தில் வாசிப்பது, கைபேசிக் குழுக்களில் போடுவது அறவே கூடாது. அவமானம்தான் இந்த நோயாளியைக் கயிற்றடிக்குத் துரத்துகிறது.

நான்கு: கல்லாவில் கை வைத்த கடைப் பையன் மேல் உடனே புகார் கொடுத்து அனுப்பிவிடுவதற்கு முன், அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். நோய் என்று தெரிந்தால், கல்லாவிலிருந்து மாற்றிக் கிட்டங்கியில் வேலை கொடுத்து, மருத்துவரிடம் அனுப்பலாம். எடுத்த பணத்தைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஐந்து: "சாக வேண்டும் போலிருக்கிறதா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, மனதில் உள்ளதை இறக்கி வைக்கவே உதவும் என்று தற்கொலைத் தடுப்பில் அனுபவம் பெற்றவர்கள் சொல்கிறார்கள். 'ஆம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடக் கூடாது. கூடவே இருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு கடையிலும், முக்கியமாக வெள்ளிமலை முதலான மலை ஊர்க் கடைகளில், விலைப் பலகைக்குப் பக்கத்தில் எழுதி வைப்போம். எழுதி வைக்க ஒரு சாக்கட்டி போதும்.

ஆறு: 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவரையும், மாவட்ட மனநலத் திட்டத்தைச் சேர்ந்தவர்களையும் நம் பொதுக்குழுவுக்கு அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்வோம். வரி விதிகள் மாறினால் ஆடிட்டரை அழைக்கிறோம். உணவுப் பாதுகாப்பு விதி வந்தால் அதிகாரியை அழைத்துக் கேட்கிறோம். தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதில் வியாபாரிக்கு வெட்கம் என்ன?

"இவ்வளவும் செய்து அவன் மறுபடி ஆடினால்?" என்று கேட்கலாம். ஆடக் கூடும். ஒரு முறை வழுக்கி விழுவது இந்த நோயில் சகஜம் என்று சிகிச்சை அளிப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளி ஒரு நாள் இனிப்புத் தின்றுவிட்டால் வைத்தியத்தை நிறுத்திவிடுகிறோமா? ரொக்கம் கொடுக்காமல் உதவியிருந்தால், அவர் வழுக்கினாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும். மறுபடி எழுந்து நிற்க இடமும் இருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நமக்குப் பெரியவர்கள் சொன்ன பாடம். உதவியும் அப்படித்தான். எதற்குப் போகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று அளந்து செய்யும் உதவியே உயிரைக் காக்கும். அடுத்த பொதுக்குழுக் கூட்டங்களில் இந்த யோசனைகளை உறுப்பினர்கள் விவாதித்து, ஏற்கக் கூடியதை ஏற்று, திருத்த வேண்டியதைத் திருத்தித் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.